அலையியற்றி: சொல் விளக்கம்

பேட்டரியிலிருந்து சீராக வரும் மின்சாரத்தை வாங்கி, ஓயாமல் ஏறி இறங்கும் மின்னழுத்தமாக மாற்றித் தரும் மின்சுற்றே ஆசிலேட்டர். மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் பழைய வானொலியின் ஸ்பீக்கரைக் கழற்றி இரைச்சற் கருவி செய்ய முனையும் இளைஞருக்கு இதுவே முதற்பாடம்.

இச்சொல், ஊசலாடுதல் எனப் பொருள்படும் ஆசில்லாரே என்னும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. மரக்கிளையில் தொங்கிக் காற்றில் ஆடிய சிறு முகமூடியின் பெயரான ஆசில்லும் என்பதே அவ்வினைக்கு மூலம் எனச் சொற்பிறப்பியலார் பலர் கருதுவர். மலாயிலும் ஆயுன் என்னும் ஊஞ்சலாட்ட வினையிலிருந்தே பெங்காயுன் என்னும் கலைச்சொல் பிறந்தது. தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் நம் பிள்ளைகள் அறிவியலை மலாயில் படிக்கும்போது எதிர்ப்படும் சொல் அது.

இவ்வழியே சென்று ஊசலி எனத் தமிழாக்கலாமே என்று தோன்றலாம். ஆனால் ஊசல் என்றதும் நம் மாணவர் மனத்தில் நூலில் தொங்கும் குண்டுதான் வந்து நிற்கும். மேலும், மின்சுற்றில் ஆடுவது கருவியன்று, மின்னழுத்தம். 1972-இல் சந்தைக்கு வந்த 555 என்னும் மின்னணுச் சில்லில் இதைத் தெளிவாகக் காணலாம். அதனுடன் இணைத்த மின்தேக்கி, பேட்டரி அழுத்தத்தின் மூன்றில் இரு பங்குவரை நிரம்பி, மூன்றில் ஒரு பங்குவரை வடிந்து, மீண்டும் நிரம்பும். 0.01 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும், 1 கிலோஓம், 100 கிலோஓம் மின்தடைகளும் இருந்தால் இச்சுழற்சி நொடிக்கு ஏறத்தாழ 700 முறை நிகழ்ந்து, ஸ்பீக்கரில் கூரிய ஓசையாகக் கேட்கும். பெரிய மின்தடையை எடுத்துவிட்டு ஒளி உணர் மின்தடையை வைத்து, அதன்மேல் உள்ளங்கையை மெல்லத் தாழ்த்தினால், நிழல் அடர அடர மின்தடை கூடி, ஓசையின் சுருதி தாழ்ந்துகொண்டே போகும். கையசைவுக்கு இசையும் அந்த முதல் ஒலியைக் கேட்டவர் எளிதில் மறக்கமாட்டார்.

ஆகவே, அலையை உண்டாக்குவது எனப் பொருள்தரும் அலையியற்றி என்பதே தக்க சொல். தமிழ்நாட்டு மேல்நிலை இயற்பியல் பாடநூல் இதனை அலை இயற்றி என வழங்குகிறது. ஒரே கருவியின் பெயராதலால் சேர்த்தெழுதுவதே நன்று என்பேன். கூட்டுச்சொற்களுக்கும் அது இடங்கொடுக்கிறது: காதுக்கு எட்டும் ஓசையைத் தருவது ஒலி அலையியற்றி, நொடிக்கு இரண்டு மூன்று முறை மட்டுமே ஆடி, முதற்சில்லின் ஐந்தாம் கால்வழியே அவ்வோசையை அபாயச் சங்கொலிபோல் ஏற்றியிறக்கும் இரண்டாவது சுற்று, தாழதிர்வு அலையியற்றி.