ரசமட்டத்தை நம்பிப் பறந்தவர்கள்

நடுக்கடலில் செக்ஸ்டன்ட் என்ற கோணம் அளக்கும் கருவியை வைத்து இடம் கண்டுபிடிப்பது மாலுமிகளின் பழைய வித்தை. தொடுவானத்திலிருந்து ஒரு நட்சத்திரம் எத்தனை டிகிரி உயரத்தில் நிற்கிறது என்று அளந்து, கடிகாரத்தையும் வான அட்டவணையையும் பார்த்தால் வரைபடத்தில் ஒரு கோடு கிடைக்கும். நாம் அந்தக் கோட்டின்மேல் எங்கோ இருக்கிறோம். இன்னொரு நட்சத்திரம், இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் புள்ளியில் நம் கப்பல்.

விமானத்தில் இந்த வித்தை பலிக்கவில்லை. இருட்டிலும் மேகத்துக்கு மேலேயும் தொடுவானமே தெரியாது. சரி, எதிலிருந்து அளப்பது? கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம்தான் கைகொடுத்தது. செக்ஸ்டன்டுக்குள் ஒரு திரவ அறை, அதில் ஒரு காற்றுக் குமிழ். குமிழும் நட்சத்திரமும் பார்வையில் ஒன்றுசேரும்வரை திருகைத் திருப்ப வேண்டும். 1922-ல் தென் அட்லாண்டிக்கைக் கடந்த போர்ச்சுகல் கடற்படை அதிகாரி காகோ கூட்டின்யோ மட்டம் பொருத்திய செக்ஸ்டன்டோடுதான் கிளம்பினார். கடுகளவு கிடக்கும் செயின்ட் பீட்டர், செயின்ட் பால் பாறைகளுக்குத் துல்லியமாகப் போய்ச் சேர்ந்தார். அங்கே இறங்கும்போது விமானம் உடைந்தது தனிக்கதை.

ஆனால் குமிழ் சுலபமாக ஏமாறும். பஸ் பிரேக் போடும்போது பாட்டிலில் இருக்கும் தண்ணீர் சாய்கிறதல்லவா, அதே கதைதான். புவியீர்ப்பு எது, விமானத்தின் உந்தல் எது என்று குமிழுக்குப் பிரிக்கத் தெரியாது. ஒரு நிமிடத்தில் வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர் கூடினாலே அது 'கீழே' என்று காட்டும் திசை கால் டிகிரிக்குமேல் சாய்ந்துவிடும். அற்பம்தானே என்று தோன்றும். ஆனால் ஒரு டிகிரியில் 60-ல் ஒரு பங்கு தவறினால் வரைபடத்தில் 1,852 மீட்டர் தவறும். அந்தக் கால் டிகிரி நம்மை 30 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைக்கும்.

விமானம் ஒருமுறை முன்னே உந்தினால் இன்னொருமுறை பின்வாங்கும். பல அளவுகளைக் கூட்டிச் சராசரி எடுத்தால் பிழை பெரும்பாலும் கழிந்துவிடும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் மார்க் 9ஏ செக்ஸ்டன்டில் இதற்கென்றே ஒரு கடிகாரப் பொறி இருந்தது. 2 நிமிடத்தில் 60 அளவுகளை எடுத்துச் சராசரியைக் காட்டும். அதுவரை விமானி அசையாமல் ஓட்ட வேண்டும். எதிரியின் வானத்தில் அந்த 2 நிமிடம் எவ்வளவு நீளம் என்று யோசித்துப் பாருங்கள். வழி கணக்கிடும் நேவிகேட்டரோ கூரையில் இருக்கும் கண்ணாடி போன்ற பெர்ஸ்பெக்ஸ் மாடத்துக்குள் தலையை நீட்டி நிற்பார். மணிக்கு 300 கிலோமீட்டர் என்றால் அதற்குள் விமானம் 10 கிலோமீட்டர் போயிருக்கும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பிற்பாடு உள்ளே காற்றழுத்தம் ஏற்றிய ஜெட் விமானங்களில் மாடம் போய், கூரைத் துளை வழியே நீட்டும் பெரிஸ்கோப் செக்ஸ்டன்ட் வந்தது. அமெரிக்க உளவு விமானம் எஸ்ஆர்-71-ல் குமிழும் போய்விட்டது. 'கீழே' எது என்பதை கைரோஸ்கோப் (வேகமாகச் சுழன்று திசை மாறாமல் நிற்கும் சக்கரம்) பொருத்திய மேடை காத்துக்கொள்ள, ஒரு தானியங்கித் தொலைநோக்கி பட்டப்பகலிலும் நட்சத்திரங்களைத் தேடிப் பிடித்தது.