பிள்ளையோடு பிரித்தானியா போகிறீர்களா? ஆஸ்பத்திரிச் செலவு யாருக்கு, எப்போது வரும்

டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரியிலோ நுவரெலியாவிலோ பிள்ளையை வாட்டில் சேர்த்தால் வீட்டுக்கு அனுப்பும்போது யாரும் பில் நீட்டுவதில்லை. சில மருந்தை வெளியில் வாங்கச் சொல்வார்கள், ஸ்கேனுக்கு வேறு ஊருக்கு அனுப்புவார்கள், அது வேறு கதை. கட்டில், வைத்தியர், சத்திரசிகிச்சை எதற்கும் காசில்லை. இந்தப் பழக்கத்தோடு பிரித்தானியா போகிறவர்கள் "அங்கேயும் என்.எச்.எஸ். (அங்குள்ள அரச சுகாதார சேவை) இலவசம்தானே" என்று நம்பிப் போகிறார்கள். இலவசம்தான். ஆனால் அங்கே சட்டப்படி நிலையாக வசிப்பவர்களுக்கு இலவசம். மூன்று மாதம் சித்தப்பா வீட்டில் தங்கிவிட்டு வரப் போகிற குடும்பம் அந்தக் கணக்கில் வராது.

பிள்ளை எவ்வளவு சின்னது, நோய் எவ்வளவு பெரியது என்பதெல்லாம் கட்டணத்தை முடிவு செய்வதில்லை. சொந்தக்காரர் அங்கே இருபது வருடம் வரி கட்டியவர் என்பதும் உதவாது. பார்க்கப்படுவது இரண்டே விஷயம்: பிள்ளை எந்த வீசா அல்லது வதிவிட நிலையில் அந்த நாட்டில் இருக்கிறது, எந்த இடத்தில் வைத்தியம் பெறுகிறது. இங்கே சொல்வது இங்கிலாந்தின் விதிகள். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் தனித்தனி விதிகள் உண்டு. சில இடங்களில் அவை கொஞ்சம் இளகியவை.

விசிட் வீசாவில் போனால்

ஆறு மாதத்துக்கு உட்பட்ட விசிட் வீசாவில் போகிறவர்கள் சுகாதாரக் கட்டணம் எதுவும் முன்கூட்டிக் கட்டுவதில்லை. கட்டாததால் ஆஸ்பத்திரி வைத்தியம் அவர்களுக்குக் காசுக்குத்தான். அதுவும் உள்ள விலைக்கு இல்லை. என்.எச்.எஸ். ஒரு சிகிச்சைக்கு வைத்திருக்கும் நிர்ணய விலையில் 150 சதவீதம் அறவிடுவார்கள். 2,000 பவுண் என்று விலை வைத்த சிகிச்சைக்கு 3,000 பவுண் பில் வரும். இலங்கையோடு பிரித்தானியாவுக்கு இலவச வைத்திய உடன்படிக்கை எதுவும் இல்லை. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளுக்கு உண்டு, நமக்கு இல்லை.

ஆனாலும் விசிட் வீசாவில் போன பிள்ளைக்கும் சில கதவுகள் திறந்தே இருக்கின்றன. இதைத் தெரியாமல், பில்லுக்குப் பயந்து காய்ச்சலோடு பிள்ளையை வீட்டிலேயே வைத்திருப்பதுதான் பெரிய ஆபத்து. 111 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை கேட்பதற்குக் காசில்லை. ஜி.பி. எனப்படும் குடும்ப வைத்தியரைப் பார்ப்பதற்கும் காசில்லை. தங்கியிருக்கும் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஜி.பி. நிலையத்தில் தற்காலிக நோயாளியாகப் பதியலாம், வந்து இருபத்துநான்கு மணித்தியாலத்துக்கு மேல், மூன்று மாதத்துக்குள் தங்குபவர்களுக்கு அந்த வழி இருக்கிறது. கடவுச்சீட்டு காட்டாவிட்டால் பதிய மாட்டோம் என்று வரவேற்பில் இருப்பவர் சொன்னால், அப்படி ஒரு சட்டம் இல்லை என்று பணிவாகச் சொல்லலாம். ஜி.பி. எழுதித் தரும் மருந்து பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இலவசம்.

அடுத்தது அவசர சிகிச்சைப் பிரிவு. ஏ அண்ட் ஈ என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அங்கே பார்க்கும் வைத்தியம் யாருக்கும் இலவசம், வீசாவே இல்லாதவருக்கும் கூட. கையை முறித்துக்கொண்ட பிள்ளைக்கு அங்கேயே எக்ஸ்ரே எடுத்து, மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிவிட்டால் ஒரு சதம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் "இன்றிரவு வாட்டில் வைத்துப் பார்ப்போம்" என்று வைத்தியர் சேர்த்துக்கொண்ட நிமிடத்திலிருந்து மீற்றர் ஓடத் தொடங்கிவிடும். பிறகு ஒரு கிழமை கழித்துக் கட்டுப் பார்க்க வெளிநோயாளர் பிரிவுக்கு வரச் சொன்னால் அதற்கும் கட்டணம் உண்டு. நம்மவர்கள் அதிகம் குழம்புவது இந்த இடத்தில்தான். ஒரே கட்டடம், ஒரே வைத்தியர், ஒரே பிள்ளை. கீழ்மாடியில் இலவசம், மேல்மாடியில் கட்டணம்.

காசநோய், மலேரியா, சின்னமுத்து, தைபோய்ட் போன்ற பட்டியலிட்ட தொற்றுநோய்களைக் கண்டறிவதும் சிகிச்சையும் எங்கே நடந்தாலும் எல்லோருக்கும் இலவசம். இது நமக்குச் செய்யும் தர்மம் என்று நினைக்க வேண்டாம். பரவினால் அவர்களுக்குத்தான் நட்டம்.

காசு இல்லையென்றால் பிள்ளையைப் பார்க்க மாட்டார்களா?

பார்ப்பார்கள். உயிரைக் காக்க உடனடியாகத் தேவையான சிகிச்சையையும், நாடு திரும்பும்வரை தள்ளிப்போட முடியாத அவசர சிகிச்சையையும் காசைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது. எது அவசரம், எது பொறுக்கலாம் என்று தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியர். கணக்குப் பிரிவில் இருப்பவர் இல்லை. பிரசவம் எப்போதும் உடனடித் தேவை என்றே கணக்கு. ஆனால் மறுக்க மாட்டார்கள் என்பதற்கு இலவசம் என்று அர்த்தம் இல்லை. சிகிச்சை முடிந்ததும் பில் வரும்.

பொறுக்கக்கூடிய சிகிச்சை என்றால் கதை மாறும். 2017 ஒக்டோபரிலிருந்து, அவசரமில்லாத சிகிச்சைக்கு மதிப்பிட்ட தொகை முழுவதையும் முன்கூட்டியே கட்ட வேண்டும். ஹேர்னியா, டொன்சில் மாதிரியானவற்றை "போன இடத்தில் நல்ல டாக்டரிடம் காட்டிவிட்டு வரலாம்" என்று நினைத்துப் போகிறவர்கள் இங்கேதான் முட்டிக்கொள்வார்கள்.

பிள்ளையின் பில் பெற்றோர் தலையில்தான் விழும். 500 பவுணுக்கு மேற்பட்ட தொகையைக் கட்டாமல், தவணைக்கும் ஒத்துக்கொள்ளாமல் இரண்டு மாதம் கடந்தால், ஆஸ்பத்திரி அந்தக் கடனை உள்துறை அமைச்சுக்கு அறிவிக்கும். அடுத்த முறை வீசாவுக்குப் போடும்போது அதையே காரணமாக்கி நிராகரிக்கலாம். ஆகவே பில்லைப் பார்த்துப் பயந்து கட்டுநாயக்கவுக்கு ஓடி வருவது மோசமான வழி. எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் வெளிநாட்டு நோயாளிகளைக் கவனிக்கும் அதிகாரி ஒருவர் இருப்பார். அவரைச் சந்தித்து, மாதம் எவ்வளவு முடியும் என்று பேசித் தவணை போட்டுக்கொண்டு, ஒழுங்காகக் கட்டி வந்தால் பெயர் மேலே போகாது. பில்லில் இலவசப் பகுதியையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். பிழை இருந்தால் எழுத்தில் கேளுங்கள்.

கர்ப்பிணித் தாய் விசிட் வீசாவில் போவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மகளின் பேறுகாலத்துக்கு அம்மா போவது வழக்கம். சில நேரம் கர்ப்பிணி மகளே அக்காவைப் பார்க்கப் போவதும் உண்டு. அங்கே வலி வந்து பிரசவமானால் தாய்க்கு ஒரு பில். குழந்தை குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிழமைக்கணக்கில் கிடந்தால் அதற்குத் தனி பில். இங்கிலாந்து மண்ணில் பிறந்தது என்பதற்காகக் குழந்தைக்குச் சலுகை கிடையாது. நாள் நெருங்கிய நிலையில் விமானம் ஏறுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

நீண்ட வீசாவில் போனால்

ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்பு, வேலை, குடும்ப வீசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே குடிவரவு சுகாதாரக் கட்டணம் கட்டியாக வேண்டும். 2024 பெப்ரவரி 6 முதல் வளர்ந்தவருக்கு வருடத்துக்கு 1,035 பவுண். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கும் மாணவருக்கும் 776 பவுண். வீசா எத்தனை வருடமோ அத்தனைக்கும் ஒரே தடவையில் கட்ட வேண்டும். கணவன், மனைவி, ஒரு பிள்ளை ஐந்து வருட வேலை வீசாவில் போனால் பிள்ளைக்கு 3,880, பெரியவர்கள் இருவருக்கும் 10,350, மொத்தம் 14,230 பவுண். விமான டிக்கட்டுக்கும் வீசாக் கட்டணத்துக்கும் மேலதிகமாக இது. வீசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்பி வந்துவிடும்.

கட்டிய பிறகு, வீசா செல்லுபடியாகும் காலம் முழுவதும் பிள்ளைக்கு அங்கே வசிப்பவர் பிள்ளையைப் போலவே வைத்தியம். முன்பே இருந்த நோய்க்கும் இது பொருந்தும். இதயத்தில் ஓட்டையோடு போன பிள்ளைக்கும், தலசீமியாவுக்கு இரத்தம் ஏற்றும் பிள்ளைக்கும் தனியாகக் காசு கேட்க மாட்டார்கள். தனியார் காப்புறுதி எதுவும் இவ்வளவு செய்யாது. அங்கே இருக்கும்போது குழந்தை பிறந்தால் மூன்று மாதம்வரை அதற்கும் இலவசம், அதற்குள் குழந்தைக்கும் வீசா போட்டுக் கட்டணம் கட்டிவிட வேண்டும். இந்த மூன்று மாதத்தைப் பலர் கைதவற விடுகிறார்கள்.

தாதியர், வைத்தியர் போன்றோருக்கான சுகாதார, பராமரிப்பு வேலை வீசாவில் போகிறவர்களும் அவர்களது குடும்பமும் இந்தக் கட்டணம் கட்டத் தேவையில்லை. ஆனால் முதியோர் போன்றோரைப் பராமரிக்கும் கேர் வேலைக்கென்று புதிதாகப் போகிறவர்கள் 2024 மார்ச் 11 முதல் குடும்பத்தை அழைத்துப்போக முடியாது. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து அந்த வேலைக்கு ஆள் எடுப்பதே நின்றுவிட்டது. படிப்பு வீசாவிலும் 2024 ஜனவரி முதல் பெரும்பாலும் ஆராய்ச்சிப் பட்டம் படிப்பவர்கள்தான் பிள்ளைகளைக் கொண்டுபோகலாம். இன்னமும் "கேர் வீசா, குடும்பத்தோடு போகலாம், பிள்ளைக்கு வைத்தியமும் இலவசம்" என்று ஹட்டனிலோ பதுளையிலோ ஏஜன்ட் யாராவது சொன்னால் கையில் காசு கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

அகதி அந்தஸ்து கிடைத்த குடும்பத்தின் பிள்ளைக்குக் கட்டணமில்லை. விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர்களுக்கும் அப்படியே. மேன்முறையீடும் தோற்ற பிறகு இங்கிலாந்தில் பொதுவாகக் கட்ட வேண்டி வரும், அரசின் உதவித்தொகையில் இருப்போர் தவிர. ஆனால் விண்ணப்பம் நிலுவையில் இருந்தபோது தொடங்கிய சிகிச்சை, அது முடியும்வரை இலவசமாகவே தொடரும்.

இன்னொரு வகைக் குடும்பமும் நம்மிடையே இருக்கிறது. அங்கே சில வருடம் இருந்து, பிரித்தானியக் கடவுச்சீட்டோடு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கே திரும்பி வந்தவர்கள். பிள்ளை நுவரெலியாவில் பள்ளிக்கூடம் போகிறது. விடுமுறைக்கு மட்டும் லண்டன் போகிறது. கடவுச்சீட்டு இருப்பதால் மட்டும் அந்தப் பிள்ளைக்கு ஆஸ்பத்திரி இலவசமாகாது. அங்கே வசிக்கவில்லை என்பதால் விசிட்டர் கணக்குத்தான். திரும்பவும் நிலையாக வாழப் போனால், இறங்கிய நாளிலிருந்தே இலவசம். அதைக் காட்ட வீட்டு வாடகை ஒப்பந்தம், பள்ளி அனுமதி போன்ற கடிதங்கள் உதவும்.

வைத்தியத்துக்கென்றே கொண்டுபோக நினைத்தால்

அதற்கும் விசிட் வீசாவில் ஒரு பிரிவு உண்டு. பதினொரு மாதம்வரை தருவார்கள். ஆனால் அது காசு கொடுத்துப் பெறும் தனியார் சிகிச்சைக்கு மட்டும். என்ன நோய், எங்கே சிகிச்சை, எவ்வளவு காலம், எவ்வளவு செலவு என்று அங்கேயுள்ள வைத்தியரின் கடிதமும், அந்தச் செலவுக்குப் பணம் இருப்பதற்கான ஆதாரமும் வேண்டும். நோயை மறைத்து உறவினரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிப் போனால், பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே வீசாச் சிக்கலும் சேர்ந்துகொள்ளும்.

சாதாரண விசிட்டுக்குப் போனாலும் பயணக் காப்புறுதி எடுங்கள். எடுக்கும்போது பிள்ளைக்கு இழுப்போ, வலிப்போ, இதயக் கோளாறோ இருந்தால் ஒளிக்காமல் எழுதுங்கள். முன்பே இருந்த நோயைச் சொல்லாவிட்டால் கம்பெனி கைவிரித்துவிடும். கிளினிக் கொப்பி, ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் கார்ட், தடுப்பூசிப் பதிவுள்ள பிள்ளையின் சுகாதாரப் பதிவேடு மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். ஏற்கெனவே செய்த பரிசோதனையைத் திரும்பச் செய்தால் அதற்கும் 150 சதவீதம்தான்.

இவ்வளவும் பார்த்த பிறகு, வெளிநாட்டில் உள்ள சொந்தக்காரர் "பிள்ளையை இங்கே அனுப்புங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் என் யோசனை இது: முதலில் பேராதனையில் உள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலையிலோ கொழும்பு லேடி ரிட்ஜ்வேயிலோ விசேட வைத்தியரிடம் காட்டுங்கள். பிள்ளைகளின் இதய சத்திரசிகிச்சை உட்பட நிறைய விஷயம் அரச ஆஸ்பத்திரியிலேயே நடக்கிறது. லண்டன் உறவினர் உதவ நினைக்கும் பணம், பேராதனைக்கோ கொழும்புக்கோ போய்வரும் வேன் கூலிக்கும், தாய் கூட நிற்கும் நாட்களில் இழக்கும் நாட்சம்பளத்துக்கும், வெளியில் வாங்கும் மருந்துக்கும் வந்தால் அதிக தூரம் போகும். வசதியில்லாத குடும்பத்துக்குச் சத்திரசிகிச்சைச் செலவுக்கு ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவியும் இருக்கிறது. 2025 பெப்ரவரியிலிருந்து அதற்கான விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம், கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை.