செப்டிக் டேங்க் கசடு எங்கே போகிறது?

உங்கள் வீட்டு செப்டிக் டேங்க்கை உறிஞ்சிக்கொண்டு போன லாரி அதை எங்கே கொட்டியது என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறீர்களா? கழிவு மேலாண்மை வேலையாக ராமநாதபுரம் மாவட்டத்துக் கீழக்கரை, மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் போகும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான். "அதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க சார்" என்பார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத கருவேலங்காடு கிடைத்தால் இரவோடு இரவாகத் திறந்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. ஒரு மழை போதும், அவ்வளவும் ஓடை வழியாகக் கண்மாய்க்கோ கடலுக்கோ வந்துவிடும்.

இத்தனைக்கும் அதில் இருப்பது தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்). யூரியா, டிஏபி என்று மூட்டை மூட்டையாக நாம் காசு கொடுத்து வாங்குகிற அதே சத்து. மணிச்சத்து உரத்துக்கு வேண்டிய பாறை பாஸ்பேட்டில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. இதே சத்து கடலில் அளவுக்கு மீறிக் கலந்தால் பாசி மண்டிப் பவளப்பாறையை மூடிவிடும். 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் தேசியப் பூங்கா அறிவித்த மன்னார் வளைகுடா இது, மீன்குஞ்சுகள் ஒதுங்கி வளர்கிற இடமே அந்தப் பாறைகள்தான்.

சரி, கசட்டை எப்படி உரமாக்குவது? அதில் பெரும்பகுதி தண்ணீர். மணலும் ஜல்லியும் பரப்பிய உலர்படுகையில் விட்டால் தண்ணீர் கீழே வடிந்துவிடும், அதைத் தனியாகச் சுத்திகரிக்க வேண்டும்; மேலே தங்குவது கோடைக் கண்மாய் போல வெடித்துப் பாளம் பாளமாகப் பிளக்கும். நம் ஊர் வெயில் இதற்கு ஒரு வரம். ஒரு பாளத்தை உடைத்துப் பார்த்தால்தான் வருத்தமாக இருக்கும்: ஷாம்பு பாக்கெட், நாப்கின், முடிக்கற்றை. நாம் கோப்பையில் போட்டு ஃப்ளஷ் செய்ததை இன்னொரு மனிதர் பொறுக்கி எடுக்கிறார். தயவுசெய்து போடாதீர்கள்.

காய்ந்துவிட்டது என்று அப்படியே வயலில் போடவும் கூடாது. உருண்டைப்புழு முட்டை மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். காய்கறிக் கழிவு, இலைதழையோடு கலந்து குவித்து, குவியலுக்குள் 55 டிகிரிக்கு மேல் பல நாள் சூடு நிற்கும்படி புரட்டிப் புரட்டிப் போட்டு, அப்புறம் சோதித்துப் பார்த்த பிறகுதான் அது உரம். செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் 2017-லிருந்தே கசடு சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. புதுத் தொழில்நுட்பம் எதற்கும் நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

நம் மணல் பூமியில் அடித்தளம் பூசாத டேங்க் நேராகப் பக்கத்துக் கிணற்றுக்குத்தான் கசியும். கட்டும்போதே பூசிவிடுங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கசட்டை எடுங்கள். உள்ளே ஆளை மட்டும் இறக்காதீர்கள், பாதுகாப்புக் கவசம் இல்லாமல் இறக்குவது கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி குற்றம், விஷவாயு ஒரு நொடியில் ஆளைச் சாய்த்துவிடும். லாரிக்காரரிடம் பணம் கொடுப்பதற்கு முன்பு எங்கே கொட்டப் போகிறார் என்று கேளுங்கள், சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்கியதற்குச் சீட்டு கேட்டு வாங்குங்கள்.