ஜூனில் சேர்ந்த பிள்ளை ஆகஸ்டில் எங்கே?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே வேலூர் வட்டாரம் முழுக்கக் கல்லூரி பிளெக்ஸ்கள் முளைத்துவிடும். கிரீன் சர்க்கிள், காட்பாடி, ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு என்று எங்கே திரும்பினாலும் ‘அட்மிஷன் நடைபெறுகிறது’தான். மே நடுவில் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வரும்போது, அம்மனுக்கு வைக்கிற வாழ்த்துத் தட்டியிலும் ஒரு மூலையில் பி.காம்., பி.சி.ஏ. இருக்கும்.

இந்தப் பக்கத்தில் ஒரு சுயநிதிக் கலை அறிவியல் கல்லூரியின் அட்மிஷன் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் தொழிலில் எல்லாருடைய கண்ணும் ஒரே எண்ணின் மேல்தான்: இந்த வருஷம் எத்தனை பேர் சேர்ந்தார்கள்? அந்த எண்ணை மே, ஜூன் மாதங்களில் தினமும் சாயங்காலம் கேட்பார்கள். ஆகஸ்டில் எத்தனை பேர் இன்னும் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. இத்தனை வருஷமாகப் பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான்: முதலாண்டிலேயே படிப்பை விடுகிற பிள்ளைகளில் பலர், அதற்கான காரணத்தைச் சேர்ந்த அன்றே கையோடு கொண்டுவருகிறார்கள். அதில் பாதியை நாங்கள்தான் கொடுத்து அனுப்புகிறோம்.

தமிழ்நாடு உயர்கல்வியில் முன்னால் நிற்கிற மாநிலம். ஒன்றிய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பில் நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம், அதாவது 18-23 வயதில் நூறு பேர் இருந்தால் உயர்கல்வியில் எத்தனை பேர் என்பது, 28.4. நம்முடையது 47. பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால் அது உள்ளே வந்தவர்களின் கணக்கு, முடித்து வெளியே போனவர்களின் கணக்கு அல்ல. இன்னொரு பக்கம், நம் வீடுகளில் குழந்தைகள் குறைந்துவிட்டார்கள். 2019-21 குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண் ஒருவருக்குச் சராசரியாக 1.8 குழந்தைதான். பிளஸ் டூ முடிக்கிற கூட்டம் இனி பெருகப்போவதில்லை. கல்லூரிகளோ பெருகிவிட்டன. வேலூர் ஊரிசுக் கல்லூரி 1898-லும், வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-லும், திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி 1951-லும் தொடங்கியபோது, சுற்றியிருந்த பிள்ளைகள்தான் கல்லூரியைத் தேடி வந்தார்கள். 2002-ல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்து, அப்புறம் சாலைக்குச் சாலை சுயநிதிக் கல்லூரி வந்தபின், தேடிப்போவது எங்கள் வேலையாகிவிட்டது.

தேடிப்போகிற விதத்தில்தான் சிக்கல்.

ஏப்ரல், மே வந்தால் பல தனியார் கல்லூரிகளில் உதவிப் பேராசிரியர்களுக்கு ‘டார்கெட்’ கொடுப்பது ஊரறிந்த விஷயம். ஆளுக்கு இத்தனை அட்மிஷன். எம்.ஃபில்., பி.எச்டி. முடித்தவர் பைக்கில் நோட்டீஸ் கட்டை வைத்துக்கொண்டு பேரணாம்பட்டு, ஒடுகத்தூர், கே.வி.குப்பம் என்று வேலூர் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குகிறார். ஜூன் மாதச் சம்பளத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியவர் வாசலில் நின்று என்ன சொல்வார்? “பஸ் உங்க ஊருக்கே வரும்மா.” “ஸ்காலர்ஷிப் வந்துடும், மீதிய மெதுவா கட்டலாம்.” “கணக்கு வராதா? பி.சி.ஏ.ல கணக்கு கம்மிதான்.” பொய் சொல்லவேண்டும் என்று யாரும் வீட்டிலிருந்து கிளம்புவதில்லை. டார்கெட் சொல்ல வைக்கிறது.

ஆகஸ்டுக்குள் இந்த வாக்குகள் ஒவ்வொன்றாக உடையும். பஸ் ஊருக்குள் வராது, மெயின் ரோட்டில் நிற்கும். அங்கே வர ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும். பி.சி.ஏ. முதல் செமஸ்டரிலேயே கணிதத் தாள் எதிரே நிற்கும். சயின்ஸ் குரூப் படித்துவிட்டு பி.காம். சேர்ந்த பிள்ளை, முதல் வாரத்தில் ஜர்னல் என்ட்ரி போடும்போது எது பற்று, எது வரவு என்றே புரியாமல் முழிக்கும். பக்கத்தில் இருக்கிற அக்கவுண்டன்சி குரூப் பிள்ளை அதைப் பிளஸ் ஒன்னிலேயே முடித்திருக்கும். இவன் தனக்கு மண்டையில் ஏறாது என்று முடிவுகட்டிவிடுவான். சேர்க்கும்போதே ‘நீ அக்கவுண்டன்சி படிக்கல, முதல் மாசம் கஷ்டமா இருக்கும், அதுக்குத் தனி வகுப்பு உண்டு’ என்று சொல்லியிருந்தால், கஷ்டம் வரும்போது அது தன் தப்பில்லை என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். உருது வழியில் படித்துவிட்டு வருகிற வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பிள்ளைகளுக்கும் இதே கதைதான்.

சித்தூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1911 வரை சித்தூர் நம் வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. இன்றைக்கும் அங்கே தமிழ் பேசுகிற குடும்பங்கள் நிறைய. காட்பாடி அவர்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. ஆனால் ஆந்திரச் சாதிச் சான்றிதழை வைத்துக்கொண்டு இங்கே இடஒதுக்கீடு கேட்க முடியாது. பொதுப் பிரிவில்தான் வைப்பார்கள். தமிழ்நாடு அரசின் உதவித்தொகையும் கிடையாது. இதை அட்மிஷன் மேஜையிலேயே சொல்ல வேண்டும். ஏஜென்ட் சொல்ல மாட்டார், அவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். உதவித்தொகையை நம்பிப் பாதி ஃபீஸோடு சேர்ந்த பிள்ளை, தீபாவளிக்குப் போனதோடு சரி, திரும்புவதில்லை.

நம் பிள்ளைகளுக்கும் பணம் வரும் வழியில் சின்னச் சின்ன அடைப்புகள் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய். பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன். தனியார் கல்லூரியில் படித்தாலும் உண்டு. ஆனால் பல பிள்ளைகள் தருவது பள்ளியில் ஆறாம் வகுப்பில் தொடங்கிய வங்கிக் கணக்கு. அதில் பல வருஷமாக வரவு செலவே இருக்காது, கணக்கு முடங்கிப்போயிருக்கும். ஆதாரும் இணைந்திருக்காது. பணம் வராது, ஏன் வரவில்லை என்றும் தெரியாது. ‘கவர்மென்ட்டு ஏமாத்திட்டான் சார்’ என்பார்கள். ஜூலையில் ஒரு நாள் வங்கிக்காரரைக் கல்லூரிக்கே வரவழைத்து உட்கார வைத்தால் தீர்கிற விஷயம் இது. பெற்றோர்களும் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் நாட்களிலேயே வங்கிக்குப் போய்க் கணக்கை உயிர்ப்பித்து, ஆதாரை இணைத்து, இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழும் வாங்கி வைத்துவிடலாம்.

சரி, போகிறவர்கள் ஏன் போகிறோம் என்று சொல்கிறார்களா? எங்கள் அலுவலகத்தில் டி.சி. கேட்டு எழுதிய பழைய விண்ணப்பங்களை ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். ‘காரணம்’ என்ற இடத்தில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ஒரே வரி: குடும்பச் சூழ்நிலை. கையெழுத்துதான் வேறு வேறு. அதில் பல கிளார்க்கே சொல்லிக்கொடுத்து எழுத வைத்தது. அப்படி எழுதினால் பிரின்சிபால் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுவார் என்று அவருக்குத் தெரியும். அந்த வரியை வைத்துக்கொண்டு ஒரு கல்லூரி எதைத் திருத்த முடியும்?

அதற்கப்புறம் டி.சி. கேட்டு வருகிறவர்களை உட்கார வைத்துப் பேச ஆரம்பித்தோம். எத்தனை பேப்பர் அரியர்? எவ்வளவு ஃபீஸ் பாக்கி? காலையில் வீட்டை விட்டு எத்தனை மணிக்குக் கிளம்புகிறாய்? குடும்பச் சூழ்நிலைக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று இருந்தது. ஆம்பூர் ஷூ கம்பெனி வண்டி அம்மாவை ஏற்றிக்கொள்ள வாசலுக்கே வருகிறது. அரியர் வைத்த மகளும் அதே வண்டியில் ஏறினால் மாதம் பிறந்தால் சம்பளம். ஏறத்தான் செய்வாள். அவளைத் தடுக்கிற தகுதி கல்லூரிக்கு எப்போது வரும் என்றால், அரியர் விழுவதற்கு முன்னால் அவளைக் கவனித்திருந்தால்தான்.

கவனிக்க முடியுமா? முடியும். அட்டெண்டன்ஸ் நோட்டு எல்லாவற்றையும் சொல்லும், படிக்கத் தெரிந்தால். ஆடிக் கிருத்திகை அன்று வகுப்பு காலியாக இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. ரத்தினகிரிக்கோ வள்ளிமலைக்கோ காவடி எடுக்கப் போயிருப்பார்கள். அதற்கடுத்த வாரமும் வராதவனைத்தான் தேட வேண்டும். வாரம் ஒருநாள் லீவு, இரண்டு நாளாகி, மூன்று நாளாகிறவனையும்.

அணைக்கட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் ஞாபகத்துக்கு வருகிறான். பி.காம். முதலாண்டு. வருகைப்பதிவில் தினமும் முதல் மணி மட்டும் ஆப்சென்ட், மற்ற நேரமெல்லாம் இருப்பான். சோம்பேறி என்று வகுப்பாசிரியர் முடிவுகட்டியிருந்தார். கூப்பிட்டுக் கேட்டால், அவன் ஊரிலிருந்து வருகிற டவுன் பஸ் ஒன்பதரைக்கு மேல்தான் கல்லூரி ஸ்டாப்பில் நிற்குமாம். அதற்கு முந்தைய பஸ் ஆறேகாலுக்கு. அந்த நேரத்தில் அவன் வீட்டு மாட்டில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிக்கொண்டிருப்பான். “மொத அவர் போனா போவட்டும்னு விட்டேன் சார். இப்ப கண்டோனேஷன் கட்டணும்ன்றாங்க. அதுக்கு இன்னாத்துக்கு சார் வரணும்?” 75 சதவீத வருகை இல்லாவிட்டால் பரீட்சை எழுத அபராதம் கட்ட வேண்டும். இருக்கிற கஷ்டத்துக்கு மேல் அது. அந்த பஸ்ஸில் வருகிறவர்கள் யார் யார் என்று பட்டியல் எடுத்து, அவர்களுக்கு மட்டும் வருகைப்பதிவை அரைமணி தள்ளி எடுக்கலாம் என்று பிரின்சிபால் ஒப்புக்கொண்டார். டெப்போவுக்கும் கடிதம் போனது. பஸ் நேரம் மாறவில்லை. பையன் டிகிரி முடித்துவிட்டான்.

ஆளுக்குச் சில மாணவர்களை ஆசிரியர் தனியாகக் கவனித்துக்கொள்ளும் மென்டார் திட்டம் எல்லாக் கல்லூரியிலும் உண்டு, கல்லூரிக்குத் தரச்சான்று தருகிற நாக் குழு கேட்கும் என்பதால். ஆனால் குழு வருவதற்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து, ஒரே பேனாவில் மூன்று வருஷத்துச் சந்திப்புக் குறிப்புகளை எழுதி நிரப்புகிற ஃபைல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பையனின் பஸ் எந்த ஃபைலிலும் இருக்காது.

அமெரிக்காவில் சேர்ந்த பிள்ளையைத் தக்கவைப்பது தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது. 1970-களில் பாஸ்டன் கல்லூரி பணமுடையில் இருந்தபோது, ஜாக் மக்வயர் என்கிற இயற்பியல் பேராசிரியர் அட்மிஷன் பொறுப்புக்கு வந்து, சேர்ப்பது, கட்டணச் சலுகை, படிப்பில் தக்கவைப்பது மூன்றையும் ஒரே வேலையாகப் பார்க்க வேண்டும் என்றார். நாங்கள் இன்றும் இவற்றை மூன்று தனி அறைகளில் வைத்திருக்கிறோம், ஒரு அறையில் நடப்பது அடுத்த அறைக்குத் தெரியாது. அட்லாண்டாவில் உள்ள ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2011-ல் ஒரு வேலை செய்தது. கொஞ்சம் பாக்கிக்காக வகுப்பிலிருந்து நீக்கப்படும் நிலையில் இருந்தவர்களின் பாக்கியைப் பல்கலைக்கழகமே கட்டியது. மாணவர் கேட்டு வரவேண்டியதில்லை. பட்டியலை எடுத்துப் பார்த்து அவர்களே கொடுத்தார்கள். ஒரு பிள்ளை விலகினால் மீதி வருஷங்களுக்கான கட்டணம் முழுக்கப் போய்விடும், அதோடு பார்த்தால் இந்தப் பாக்கி சின்னத் தொகை. தர்மம் என்று நினைத்துச் செய்ய வேண்டியதில்லை, வெறும் கணக்குப் போட்டுப் பார்த்தாலே போதும். அதே பல்கலைக்கழகம் 2016-ல், சேர்ந்துவிட்டு வகுப்பு தொடங்கும் முன்பே காணாமல் போகிறவர்களுக்காக, கேள்விக்கு ராத்திரியிலும் பதில் அனுப்பும் குறுஞ்செய்தி வசதியைக் கொண்டுவந்தது. நமக்கு அவ்வளவு தொழில்நுட்பம் வேண்டாம். ஃபீஸ் கட்டியதற்கும் முதல் வகுப்புக்கும் நடுவிலான வாரங்களில் ஒரு போன் போதும்: ‘என்னம்மா, ஹாஸ்டலா, பஸ்ஸா? டி.சி. வாங்கியாச்சா?’ ஃபீஸ் கட்டும்வரை தினமும் போன் செய்கிற நாங்கள், ரசீது கிழித்தபின் மறந்துவிடுகிறோம்.

விலகிப் போவதெல்லாம் தப்பில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் கட்டக் கலந்தாய்வில் அரசுக் கல்லூரி கிடைத்தவனையோ, நர்சிங் இடம் கிடைத்தவளையோ பிடித்து வைப்பது அநியாயம். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே சொல்லிவிட்டது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். அதே விதிகளின்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால், கட்டணத்தில் அதிகபட்சம் 5 சதவீதம், அதுவும் 5000 ரூபாய்க்கு மேற்படாமல் பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். விலகுவது தள்ளிப்போகப் போகத் திரும்பக் கிடைப்பது குறையும். கடைசித் தேதி முடிந்து 30 நாளுக்கு மேல் ஆனால் ஒன்றும் கிடையாது. சமீப ஆண்டுகளில் ஒரு தேதியைக் குறிப்பிட்டு, அதுவரை விலகினால் முழுத்தொகையும் தரச் சொல்லித் தனி அறிவிப்புகளும் விடுகிறார்கள். அந்த வருஷத்து அறிவிப்பைத் தேடிப் பார்த்துவிட்டு, எழுத்தில் கடிதம் கொடுத்து, கொடுத்ததற்குத் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். ‘சர்ட்டிபிகேட் வேணும்னா மூணு வருஷ ஃபீஸையும் கட்டு’ என்று எந்தக் கல்லூரியாவது சொன்னால், அதற்கு விதியில் இடமில்லை.

சேர்க்க வருகிற பெற்றோர்கள் எங்களிடம் அதிகம் கேட்பது பிளேஸ்மென்ட் பற்றி. கேளுங்கள். ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்றைப் பாருங்கள். என்.ஐ.ஆர்.எஃப். என்கிற தேசியத் தரவரிசைக்கு விண்ணப்பிக்கிற கல்லூரிகள், தாங்கள் கொடுத்த விவரங்களைத் தங்கள் இணையதளத்திலேயே போட்டுவைக்க வேண்டும். அதில் ஒரு அட்டவணை இருக்கும். முதலாண்டில் இத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று ஒரு கட்டம். அவர்களில் உரிய காலத்துக்குள் பட்டம் முடித்தவர்கள் இத்தனை பேர் என்று இன்னொரு கட்டம். வேலைக்குப் போனவர் எண்ணிக்கை அதற்கடுத்துத்தான் வரும். சேர்ந்தவர், முடித்தவர் என்ற இந்த இரண்டு கட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிளெக்ஸில் இருக்கிற நூறு சதவீதம் எத்தனை பேரில் நூறு சதவீதம் என்று தெரிந்துவிடும்.

உங்கள் கல்லூரி அந்தத் தரவரிசைக்கே போகவில்லை என்றால், அட்மிஷன் மேஜையில் இருக்கிறவரிடம் நேராகக் கேளுங்கள்: மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்த பி.காம்.-இல் எத்தனை பேர் சேர்ந்தார்கள், இந்த ஏப்ரலில் கடைசி செமஸ்டர் எழுதியது எத்தனை பேர்? நான் அந்த மேஜையில் இருந்தால் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொல்ல ஐந்து நிமிஷம் ஆகும். வேறு பேச்சுக்குத் தாவினால், உங்கள் ஊரிலேயே அந்தக் கல்லூரியில் இரண்டாமாண்டு படிக்கிற பிள்ளை யாராவது இருக்கும். பஸ் எங்கே நிற்கிறது என்பதையும் சேர்த்து அதனிடம் கேளுங்கள்.