கமராப் பதிவு வேண்டுமா? கேட்பதை முதல் நாளே எழுத்தில் கொடுங்கள்

ஒட்டுசுட்டான் பக்கத்து அம்மா ஒருவர். காணி அனுமதிப்பத்திரத்தின் மூலப் பிரதியை மற்றக் கடிதங்களோடு பச்சைக் கோவை ஒன்றில் வைத்து, ஒரு அரச அலுவலகத்தின் கவுண்டரில் கையளித்தார். பற்றுச்சீட்டு கொடுக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் விசாரிக்கப் போனால், "நீங்கள் ஒண்டும் தரேல்லையே அம்மா" என்றார்கள். கவுண்டருக்கு நேர் மேலே கமரா. "அதைப் போட்டுப் பாருங்கோவன் தம்பி" என்று கேட்டிருக்கிறார். பொறுப்பானவர் லீவு என்றார்கள். அடுத்த முறை போனபோது பொலிஸ் கடிதம் வேண்டும் என்றார்கள். பொலிசுக்குப் போனால், இது களவுக் கேஸ் இல்லை, அங்கேயே கேளுங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். நாலாவது முறை நானும் கூடப் போனேன். "அது அழிஞ்சு போச்சு" என்றார்கள். அவ்வளவுதான்.

நாலு முறையும் அந்த அம்மா வாயால்தான் கேட்டார். யாரும் அதை எழுதி வைக்கவில்லை. அலுவலகத்தின் கணக்கில் அவர் கேட்கவே இல்லை.

கமராவோடு இருக்கும், காட்சியைப் பதிந்து வைக்கும் டி.வி.ஆர் பெட்டி எதையும் நெடுநாள் வைத்திருக்காது. உள்ளேயுள்ள ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின் மேல் புதியது தானாகப் பதியும். சில இடங்களில் ஒரு கிழமை, சில இடங்களில் ஒரு மாதம். எத்தனை கமரா, டிஸ்க் எவ்வளவு பெரிது என்பதைப் பொறுத்தது அது. யாரும் கை வைத்து அழிக்கத் தேவையில்லை. உங்களை நாலு முறை அலைய வைத்தாலே போதும், பெட்டி தன் வேலையை முடித்துவிடும்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உங்களைப் பற்றிய தரவைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தருகிறது. அடையாளம் காணக்கூடிய உங்கள் உருவமும் உங்கள் தரவுதான். கேட்டால் 21 வேலை நாளுக்குள் பதில் வர வேண்டும் என்று 2022 இல் வந்த மூலச் சட்டத்தில் எழுதியிருந்தது. ஆனால் அந்த உரிமைகள் 2025 மார்ச் 18 இல் நடைமுறைக்கு வரும் என்று அறிவித்துவிட்டு, நாள் நெருங்கியபோது தள்ளிப் போட்டார்கள். ஆகவே இந்தச் சட்டத்தின் பெயரை மட்டும் நம்பிக் கவுண்டருக்குப் போக வேண்டாம். "அது இன்னும் வரேல்லை" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிடுவார்கள்.

கையில் வேலை செய்வது 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வீடியோ நாடாவும் கணினிப் பதிவும் அதில் தகவல் என்றே வரையறுக்கப்பட்டிருக்கின்றன. பிரதேச செயலகம், கச்சேரி, அரச வைத்தியசாலை, பிரதேச சபை, பொலிஸ் நிலையம், அரச வங்கி எல்லாம் இதற்குள் வரும். தனியார் கடை, லீசிங் கம்பனி, தனியார் வங்கி வராது. பலர் தடுக்கி விழுவது இங்கேதான். லீசிங் கம்பனிக்கு இந்தச் சட்டத்தின் கீழ் கடிதம் எழுதிவிட்டு இரண்டு கிழமை காத்திருந்தவர்களைக் கண்டிருக்கிறேன். அந்த இரண்டு கிழமையில் பதிவு போய்விடும்.

அரச இடம் என்றால் முக்கியமானது 7 ஆம் பிரிவு. ஒரு பதிவைக் கேட்டு விண்ணப்பம் கொடுத்துவிட்டால், அந்த விண்ணப்பமோ அதன் மேன்முறையீடோ முடியும் வரை அதை அழிக்கக் கூடாது. வேண்டுமென்றே அழித்தால் குற்றம்: 50,000 ரூபா வரை தண்டம், இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். அதனால்தான் முதல் நாளே எழுத்தில் கொடுக்கச் சொல்கிறேன். அந்தத் தாள் பெட்டிக்குப் போடும் பூட்டு.

விண்ணப்பத்துக்கு ஆர்.ரி.ஐ 01 என்ற படிவம் இருக்கிறது. "படிவம் முடிஞ்சுது, நாளைக்கு வாங்கோ" என்றால் வெளியே வர வேண்டாம், வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுங்கள், அது போதும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், எழுதிக்கொள்வது உத்தியோகத்தரின் கடமை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. இந்த விண்ணப்பங்களைப் பொறுப்பெடுக்கும் தகவல் உத்தியோகத்தர் நியமிக்கப்படவில்லை என்றால் அலுவலகத் தலைவரே தகவல் உத்தியோகத்தர். அவர் லீவு என்றால் கடிதத்தைத் தபால் மேசையில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். முத்திரை குத்த மறுத்தால் அன்றைக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டை விண்ணப்பப் பிரதியோடு குத்தி வையுங்கள். முத்திரையோ துண்டோ இல்லாத விண்ணப்பத்தை மேன்முறையீட்டில் காட்ட முடியாது.

தமிழிலேயே எழுதுங்கள். "ஏன் என் கோவையைத் தொலைத்தீர்கள்" என்று எழுதினால் அது கேள்வி, தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். பதிவைத்தான் கேட்க வேண்டும். நான் எழுதிக் கொடுப்பது இப்படி:

"இன்ன திகதி காலை 9.30 இலிருந்து 10.30 வரை, உங்கள் அலுவலகத்தின் இரண்டாம் கவுண்டருக்கு மேலுள்ள கமராவில் பதிவான காட்சியின் பிரதியைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கிறேன். நான் நீலச் சேலை உடுத்து, பச்சைக் கோவையோடு நின்றேன். அடையாள அட்டைப் பிரதி இணைக்கப்பட்டுள்ளது. என் உருவம் வெளியிடப்படுவதற்கு எழுத்தில் சம்மதிக்கிறேன். இந்த விண்ணப்பம் முடியும் வரை 7 ஆம் பிரிவின்படி பதிவை அழியாமல் வைக்கவும்."

அந்தச் சம்மத வரியை விட்டுவிடாதீர்கள். தனிப்பட்ட தகவல் என்று 5 ஆம் பிரிவைக் காட்டித்தான் பெரும்பாலும் மறுப்பார்கள். உரியவர் எழுத்தில் சம்மதித்தால் உங்களைப் பொறுத்தவரை அந்தத் தடை நிற்காது. "மற்ற ஆக்களும் தெரியினம்" என்பது அடுத்த சாட்டு. கொடுக்கக் கூடிய பகுதியைப் பிரித்துக் கொடுக்கலாம் என்று 6 ஆம் பிரிவே சொல்கிறது. மற்றவர் முகத்தை மறைத்துத் தாருங்கள் என்று கேளுங்கள், அல்லது முதலில் அங்கேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

நேரத்தை நெருக்கமாகக் குறிக்க வேண்டாம். கரண்ட் போய்ப் போய் வருகிற இடங்களில் டி.வி.ஆர் மணிக்கூடு பிழையாக ஓடும். கிளிநொச்சியில் ஒரு பெட்டியில் நேரம் பிந்தியிருந்ததை நானே பார்த்தேன். சரியாக 9.45 இலிருந்து 9.50 வரை என்று கேட்டால் வெறும் கதிரைகள்தான் வரும். முன்னும் பின்னும் அரை மணித்தியாலமாவது சேர்த்துக் கேளுங்கள். போட்டுக் காட்டினால் திரையிலுள்ள நேரத்தையும் உங்கள் போனிலுள்ள நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தாலும், ஒன்றும் சொல்லாமல் இருந்தாலும், 14 நாளுக்குள் அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டைப் பார்க்கும் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு போகலாம். அவருக்கு மூன்று கிழமை. அதுவும் சரிவரவில்லை என்றால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு எழுதலாம். பதில் வராததை நம் சனம் மறுப்பாக எடுக்காமல், "இன்னும் பாக்கினம் போல" என்று மாதக்கணக்கில் இருந்துவிடும். பதினைந்தாவது வேலை நாளே மேன்முறையீட்டை எழுதுங்கள்.

ஆளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், எங்கே என்று தெரியவில்லை என்ற நிலை என்றால், உயிரும் தனிமனித சுதந்திரமும் சம்பந்தப்பட்டது என்று விண்ணப்பத்தின் தலையிலேயே எழுதுங்கள். அப்போது 48 மணித்தியாலத்துக்குள் பதில் தர வேண்டும். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் உடனே அழையுங்கள்.

தனியார் கடை, கம்பனி விஷயம் கடினம். ஏ9 வீதியில் கடைக்குக் கடை கமரா இருக்கிறது, ஆனால் முதலாளி மனம் வைக்காமல் ஒன்றும் வராது. கல்லாவில் காசு குறைந்தது என்று வேலையால் நிறுத்தப்பட்ட பிள்ளைகள் என்னிடம் வந்திருக்கிறார்கள். அவர்கள் எடுக்கவில்லை என்பதைக் காட்டக்கூடிய பதிவு, குற்றம் சொன்னவர் கையிலேயே இருக்கும். இப்படியான இடத்தில் இரண்டு வேலையையும் ஒரே நாளில் செய்யுங்கள். பதிவை அழிக்காமல் வைக்கும்படியும், பிரதி தரும்படியும் கம்பனியின் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபால். அதில் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் குறிப்பிடுங்கள், நட்டமில்லை. அடுத்தது பொலிஸ் முறைப்பாடு. இன்ன கடையில் இன்ன இடத்தில் கமரா இருக்கிறது, அந்தப் பதிவை எடுக்கும்படி கேட்கிறேன் என்ற வசனம் முறைப்பாட்டுக்குள்ளேயே ஏற வேண்டும். பக்கத்தில் நின்று சொன்னது புத்தகத்தில் ஏறாது.

முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னால் வைக்க வேண்டாம். வடக்கில் நிர்வாக மொழி தமிழ், அரசியலமைப்பே அப்படித்தான் சொல்கிறது. வாசிக்க முடியாத தாளில் வைத்த கையெழுத்தால், முழங்கால் அளவு விஷயம் கழுத்தளவு ஆனதைக் கண்டிருக்கிறேன். மொழி மறுக்கப்பட்டால், மொழி உரிமை முறைப்பாட்டுக்கான 1956 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வராதீர்கள். பொலிஸ் அசையாவிட்டால், பதிவைக் கொண்டுவரும்படி நீதவான் கட்டளையிட முடியும். சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, வன்னியிலும் அலுவலகங்கள் உண்டு.

அயல் வீட்டுக் கமரா என்றால் சட்டம் பேச வேண்டாம். வீட்டுத் தேவைக்கு வைத்திருப்பது தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு வெளியே. நேரே போய்த் தன்மையாகக் கேளுங்கள்.

தருவதாகச் சொல்லிவிட்டார்கள் என்றால் பென் டிரைவை நீங்களே கொண்டு போங்கள். "பாஸ்வேர்ட் கமரா பூட்டின பெடியனிட்ட, அவன் வவுனியாவில" என்பார்கள். அந்தப் பெடியனின் போன் நம்பரை அங்கேயே வாங்கி, அவர்கள் முன்னாலேயே அழையுங்கள். சாதாரண போனில் ஓடக்கூடிய எம்.பி.4 கோப்பாக மாற்றித் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கமராக் கம்பனியின் மென்பொருளில் மட்டும் திறக்கிற கோப்பு வரும். ஏற்றுவது சுணங்கும் என்றால், அவர்களின் சம்மதத்தோடு திரையில் ஓடுவதை உங்கள் போனிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். மூலையிலுள்ள திகதியும் நேரமும் படத்துக்குள் விழுகிறதா என்று பாருங்கள். கோப்பை அங்கேயே ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கு வர வேண்டும்.