ஆடு வாங்கும் முன் ஆனி மாதத்தை எண்ணிப் பாருங்கள்

ஏர்வாடிக்கு மேற்கே ஒரு பண்ணையிலிருந்து போன வருடம் ஆனி மாதம் அழைத்தார்கள். "தீவனம் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் டாக்டரம்மா, ஒண்ணும் தேற மாட்டேங்குது." வளைகுடாவில் பல வருடம் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர். கொட்டகை அழகாக இருந்தது. உயர்த்திக் கட்டிய பரண், பலகை இடுக்கு வழியே புழுக்கை கீழே விழும் அமைப்பு, மேலே தகரக் கூரை. உள்ளே 50 வெள்ளாடுகள். ஒரு பெட்டையின் கீழ் இமையை விரலால் இறக்கிப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய சதை வெள்ளைத்தாள் மாதிரி வெளுத்திருந்தது. ரத்தம் உறிஞ்சும் குடற்புழு, அதற்கு மேல் பசி.

புழுவுக்கு மருந்து கொடுத்துவிட்டு, அவருடைய கணக்கு நோட்டை வாங்கிப் பார்த்தேன். முதலீட்டில் பாதிக்கு மேல் கொட்டகைக்கே போயிருந்தது. தீவனச் செலவு பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே தொகை. நம் ராமநாதபுரம் கரையில் எந்த வருடமும் அப்படி நடந்ததில்லை.

இங்கே மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை, கொஞ்சம் மார்கழி. அந்த ஈரத்தை வைத்து மாசி வரை மேய்ச்சல் ஓடும். பங்குனியில் கண்மாய் காயத் தொடங்கினால் மறுபடி புல் தலைகாட்ட ஐப்பசி ஆகிவிடும். இடையில் ஏழு மாதம். வளர்ந்த ஆடு ஒன்றுக்கு நாளைக்குச் சுமார் 4 கிலோ பசுந்தீவனம் என்று வைத்தால், 50 ஆட்டுக்கு 200 கிலோ. 210 நாளுக்கு 42 டன். பாதியை மேய்ச்சல் கொடுத்தாலும் மீதி 21 டன் எங்கிருந்து வரும்? அவரிடம் இருந்தது ஒரு ஏக்கரும் ஒரு உப்புக் கிணறும். நல்ல தண்ணீரில் கோ-4 என்ற தீவனப் புல் தரும் விளைச்சலைத் திட்ட அறிக்கையில் அப்படியே எழுதியிருந்தார்கள். கரிக்கும் தண்ணீரில் அது வராது.

இதைச் சொல்லும்போது எனக்கே உறுத்துகிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், தண்ணீரை நாக்கில் வைத்துக்கூடப் பார்க்காமல் இப்படிப்பட்ட இரண்டு அறிக்கைகளுக்கு நல்ல வார்த்தை எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு பண்ணையும் இன்று இல்லை.

மத்திய அரசின் தேசிய கால்நடை இயக்கத் திட்டத்தில் 100 பெட்டை, 5 கிடா என்ற அளவிலிருந்துதான் 50 சதவீத மானியம் தொடங்குகிறது. மானியத்தைப் பார்த்து ஆட்டின் எண்ணிக்கையை முடிவு செய்யாதீர்கள். கோடையில் எத்தனை ஆட்டுக்கு வயிறு நிரப்ப முடியுமோ, அதுதான் உங்கள் எண்ணிக்கை.

வரவுக் கணக்கிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. எல்லோரும் பிறக்கும் குட்டியை எண்ணுகிறார்கள். ஒரு கணக்குக்கு 20 பெட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். 17 ஈன்று 25 குட்டி. அதில் 5 செத்துப்போனால் 20. வயதான தாய்க்கு மாற்றாக 4 பெட்டைக்குட்டியை நிறுத்தினால், சந்தைக்குப் போவது 16. செத்த ஒவ்வொரு குட்டியிலும் தாயின் ஐந்து மாதச் சினைத் தீவனம் போய்விட்டது. மழைக்கு முன் குடற்புழு நீக்கம், துள்ளுமாரி, நீலநாக்கு, ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி, இதெல்லாம் செலவுப் பக்கத்தில் எழுத வேண்டியது அல்ல. அந்த 16-ஐ 19 ஆக்குவது இவைதான்.

விற்கும் நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கீழக்கரை, ஏர்வாடி, தொண்டிப் பக்கம் பக்ரீத்துக்குக் கிடா விலை எப்படி ஏறும் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் பெருநாள் வருடத்துக்குச் சுமார் 11 நாள் முன்னே நகர்கிறது. போன முறை விற்ற தேதியை வைத்துச் சினைக்கு விட்டால், கிடா ஒரு வயது தாண்டிப் பல் போடும் முன்பே பெருநாள் வந்து போய்விடும். குர்பானிக்கு வாங்குபவர் என்ன வயது எதிர்பார்க்கிறார் என்று முன்கூட்டியே கேட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அடையாளத்துக்காகக் காதை அறுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். காது அறுபட்ட கிடாவை அவர்கள் தொடமாட்டார்கள். அந்த ஒரு வெட்டில் பெருநாள் விலை போய்விடுகிறது.

இவ்வளவு வறண்ட மண்ணிலும் நம் கொடி ஆடு என்ற வெள்ளாட்டு இனமும் ராமநாதபுரம் வெள்ளைச் செம்மறியும் பிழைத்து வந்திருப்பது மரத்தை நம்பித்தான். உடைமரம், வாகை, வேம்பு, கொடுக்காப்புளி. காற்றில் உதிரும் உடைமரத்துக் காயைச் சாக்கில் அள்ளி வைத்த கிழவிகளுக்குத் திட்ட அறிக்கை தேவைப்படவில்லை. சீமைக்கருவேலங்காயும் ஆகும், ஆனால் விதை உடையும்படி இடித்து, மற்ற தீவனத்தோடு அளவாகக் கலந்து போட வேண்டும். முழுசாகப் போட்டால் விதை புழுக்கையோடு வந்து உங்கள் வயலிலேயே முளைக்கும். உளுந்துக் கொடி, கடலைக் கொடியை அறுவடைச் சமயத்திலேயே வாங்கி அடுக்குங்கள். ஆடியில் தேடினால் கேட்ட விலையைக் கொடுக்க வேண்டும்.

அந்த ஏர்வாடிக்காரர் 32 ஆட்டை விற்றார். மனசே இல்லாமல்தான். இந்த வைகாசியில் அவரிடம் போயிருந்தேன். பரணுக்குக் கீழே, ஒரு ஓரத்தில், 11 சாக்கு இடித்த காய். 18 ஆட்டுக்கு, ஆளுக்கு 200 கிராம், நாலு மாதத்துக்குப் போதுமா என்று கேட்டார். திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நாளைக்கு 3 கிலோ 600. 120 நாளுக்கு 432 கிலோ. சாக்குக்கு 30 கிலோ என்றால் இன்னும் 4 சாக்கு வேண்டும். உடனே மகனைக் கூப்பிட்டு, சாக்கும் தொரட்டியும் எடுக்கச் சொன்னார்.