மரத்துக்கும் ஒட்டு, சட்டைக்கும் ஒட்டு, தோளுக்கும் ஒட்டு

தோள்மூட்டு அறுவை பற்றிய ஒரு குறிப்பைத் தமிழாக்க உட்கார்ந்தேன். அடுத்தடுத்த வரிகளில் கிராஃப்ட் (graft), பேட்ச் (patch) என்று இரண்டு சொற்கள். இரண்டுக்கும் சட்டென்று வாயில் வந்தது ‘ஒட்டு’தான். மாங்கன்றில் கட்டுவதும் ஒட்டு, முழங்கை கிழிந்த சட்டையில் வைத்துத் தைப்பதும் ஒட்டு. இது தமிழின் குறையா, வசதியா என்று பார்க்கலாம்.

கிராஃப்ட் என்ற சொல்லின் வேர் எழுத்தாணியில் இருக்கிறது. கிரேக்கத்தில் ‘கிராஃபைன்’ என்றால் எழுதுதல், ‘கிராஃபியோன்’ என்றால் எழுத்தாணி. லத்தீன் வழியாகப் பழைய பிரெஞ்சுக்குப் போனபோது அது ஒட்டுக்குச்சிக்குப் பெயரானது. வேர்ச்செடியின் பிளவில் செருகுவதற்காகச் சீவிய குச்சி, கூராக்கிய எழுத்தாணி போலவே இருக்குமே! பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டும் இதே குடும்பம்தான்.

தோட்டத்துச் சொல் மருத்துவத்துக்கு வந்ததில் வியப்பில்லை. இத்தாலியின் பொலோனியாவில் இருந்த அறுவை மருத்துவர் தாலியாகொட்சி, கையின் தோலைக் கொண்டு அறுபட்ட மூக்கைச் சீராக்கும் முறையை 1597-இல் நூலாக எழுதினார். செடிக்கு ஒட்டுக்கட்டுவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லைத்தான் அதன் தலைப்பில் வைத்தார். 1869-இல் பாரிஸில் ரெவெர்டின் என்ற அறுவை மருத்துவர், ஆறாத புண்மேல் சின்னச் சின்னத் தோல் துணுக்குகளை வைத்து வளரச் செய்தபோது அவருக்கும் ஒட்டு என்ற பெயர்தான் கிடைத்தது. ஆக, நம் ‘தோல் ஒட்டு’ சரியான வழியில்தான் போகிறது. அதைத் ‘தோல் மாற்று’ என்று எழுதுகிறார்களே, அதுதான் எனக்கு உறுத்தல். மாற்று என்றால் பழையது வெளியே போக வேண்டும், இதய மாற்று போல.

சரி, தோளுக்கு வருவோம். மேற்கை எலும்பின் தலையை நான்கு தசைகளின் நாண்கள் சுற்றிப் பிடித்திருக்கின்றன. ஆங்கில வழக்கில் அதை ரோட்டேட்டர் கஃப் என்கிறார்கள். கஃப் என்பது சட்டைக் கையின் பட்டி. தமிழில் சுழல்தசைப் பட்டி என்று சொல்லலாம். தசையை எலும்போடு கட்டும் டெண்டனுக்குத் தசைநாண் என்ற பெயர் எனக்கு மிகவும் பிடிக்கும்; வில்லின் நாண் போல இழுத்துக்கட்டிய கயிறு அல்லவா அது? எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் நாரோடு இதைக் குழப்பக்கூடாது.

இந்த நாண் எலும்பிலிருந்து பிய்ந்துவிட்டால், எலும்பில் நங்கூரம் பதித்து, நூல் கோத்துத் தைப்பார்கள். கிழிசல் சின்னதாக, நாண் திடமாக இருந்தால் அதுவே போதும். பெரிய கிழிசல், நாள்பட்டது, வயதானவர், தசை கொழுப்பாக மாறிப்போனது என்றால்தான் சிக்கல். நைந்த வேட்டியில் தையல் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நூல் அறாது, துணிதான் அறும். அங்கே தையற்காரர் என்ன செய்வார்? மேலே ஒரு துண்டுத் துணியை வைத்து, இரண்டையும் சேர்த்துத் தைப்பார். பேட்ச் வைப்பது அப்படியே இதுதான். ஈரமான வெள்ளை ரப்பர் தாள் போல, ஓரிரு மில்லிமீட்டர் தடிமனில் இருக்கும் துண்டை அளவெடுத்து வெட்டி, மூலைகளில் நூல் கோத்து, சுருட்டிக் குழாய் வழியே உள்ளே அனுப்பி, தைத்த நாணின்மேல் விரிப்பார்கள்.

இதற்கு ‘வலுவூட்டு ஒட்டு’ என்பேன். நாணை இழுத்தும் எலும்புக்கு எட்டவில்லை, இடையில் துண்டு சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் அது வேறு வேலை. அதற்கு ‘இணைப்பு ஒட்டு’. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வதுதான் நோயாளிக்கு முக்கியம். கிராஃப்ட், பேட்ச் வேறுபாடு அவ்வளவு முக்கியமில்லை. மருத்துவர்களே கலந்துதான் பேசுகிறார்கள். வைக்கும் பொருளைத் தனியே சொல்ல வேண்டிய இடத்தில் ‘ஒட்டுத்துண்டு’ போதும்.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். மரத்தின் ஒட்டுக்குச்சி உயிருள்ளது, தோளில் வைக்கும் துண்டு அப்படியல்ல. கொடையாளியின் தோலிலிருந்து எடுத்த துண்டில் செல்களைக் கழுவி நீக்கியிருப்பார்கள், மிஞ்சுவது நார்வலை. அதில் நம் செல்கள் ஏறிக் குடியேற வேண்டும். அந்த வகையில் அது சாரம், கொத்தனார் கட்டுகிற அதே சாரம். ஆனால் கொத்தனார் வேலை முடிந்ததும் சாரத்தைப் பிரித்துவிடுவார். இங்கே உடம்பே கொஞ்சம் கொஞ்சமாக அதைத் தன் இழையாக்கிக்கொள்ள வேண்டும். பாலியெஸ்டர் துண்டு என்றால் கரையாது, அப்படியே இருக்கும்.

எங்கிருந்து எடுத்தது என்பதை வைத்தும் பெயர்கள் உண்டு. சொந்தத் தொடையின் தசையுறையிலிருந்து எடுத்தால் தன்னொட்டு, இன்னொரு மனிதருடையது பிறரொட்டு, விலங்கினுடையது வேற்றின ஒட்டு. பன்றியின் சிறுகுடல் படலத்தை ஒருகாலத்தில் தோளில் வைத்துப் பார்த்தார்கள். சிலருக்கு அழற்சி வந்தது, நாணும் எதிர்பார்த்தபடி ஆறவில்லை, கைவிட்டார்கள். குறளில் ‘ஒட்டார்’ என்றால் பகைவர், சேராதவர். உடம்பு ஏற்க மறுக்கும் திசுவுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. அலுவல் குறிப்பில் எழுத முடியாது என்பதால் ‘ஒட்டு ஏற்காமை’ என்று எழுதிக் கொடுத்தேன்.